நாட் வகை: ஸ்ட்ரிக்ட்

மூன்றாவது வாரமாக அதே சிவப்பு எழுத்து.
நாட் வகை: ஸ்ட்ரிக்ட்.
உள்ளே போகலாம், ஓடலாம், சுடலாம், சாகலாம்.
கூட ஆடுகிறவள் குரல் மட்டும் வராது.

பிந்துஜா தலைக்கு மேலே
மைக் படம் மினுங்கி மினுங்கி அணையும்.
பின்னால் எவனோ வருகிறான் என்று சொல்லியிருப்பாள்.
சுடுபட்டு விழுந்த பிறகுதான் புரியும்,
அவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

அவள் வீடு பாலத்துக்கு அக்கட்டால.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி
கள்ளுக்கடைக்குப் பின்னே மூன்றாவது ஓட்டு வீடு.
என் மொட்டைமாடியில் நின்றால்
அவள் ஜன்னல் நீலமாய் எரிவது தெரியும்.
நடந்தால் ஆறு நிமிஷம்.
நான் அனுப்பும் பொட்டலமோ
கோயமுத்தூர் போய், சென்னை போய்,
கடல் தாண்டிச் சிங்கப்பூர் போய்
கொச்சியில் கரையேறித்தான் அவளிடம் போகும்.

அதுவும் போனால்.

ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
வயிற்றில் ஒட்டிய தாளில்
பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறார்கள்.
உள்ளே யூபிஎன்பி அணைந்து கிடந்தது. போட்டேன்.
போர்ட் ஃபார்வர்டிங்கில் என் பெட்டியின் எண்ணை எழுதி
இந்தக் கதவைத் தட்டினால் இவளிடம் விடு என்றேன்.
சேமித்து, அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டேன்.
பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாய் எழுந்து உட்கார்ந்தன.

ஸ்ட்ரிக்ட்.

எனக்குப் பழகிய சட்டம்தான் இது.
இரவில் எடைமேடையில் பில் போடுகிறவள் நான்.
இங்கிருந்து போன வண்டி திரும்பினால் கம்பத்தைத் தூக்குவார்கள்,
சீட்டில் நம்பர் இருக்கும்.
யாரும் கூப்பிடாமல் வந்த கோழி லாரி
டயருக்கு மருந்தடித்துக்கொண்டு விடியும்வரை ஓரமாய் நிற்கும்.
பிந்துஜாவின் குரலும் அப்படி எங்கோ
ஓரங்கட்டி நிற்பதாக நினைத்திருந்தேன்.
நிற்பதில்லையாம். வந்த இடத்திலேயே கீழே போட்டுவிடுமாம்.
குரலுக்குக் கிடங்கு கிடையாது.

மயில்வாகனம் கேபிளுக்கு ஃபோன் செய்தேன்.
"உங்க ரவுட்டர்ல ஒண்ணுமில்லீங்க.
அதுக்கு மேல எங்க பொட்டி ஒண்ணு இருக்குதுங்க.
அந்த லைன்ல நாப்பது வீட்டுக்கும் ஒரே அட்ரஸ்தானுங்க.
வெளிய இருந்து பாக்கறவனுக்கு
நீங்க, டைலர் கடை, மாவு மில்லு எல்லாம் ஒரே ஆளுங்க.
தனி அட்ரஸ்னா மாசம் எரநூத்தம்பது சேத்துக் கட்டோணும்."
கட்டினால் நாளைக்கே வருமா?
"தீவாளி போகட்டுமுங்க, பாக்கலாம்."

டைலர் கடைக்காரர் ராத்திரியில் என்ன பார்ப்பார் என்று
அதுவரை யோசித்ததே இல்லை.
அன்றைக்கு யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிந்துஜா தட்டெழுதினாள்,
பாதி தமிழ், பாதி மலையாளம்:
ஞான் திறக்கட்டே? ஒரு பக்கம் திறந்தா போதுமாமே.

அவளுடையது தனி விலாசம்.
போர்ட்டைத் திறந்து, அறையை அவள் நடத்த,
நான் வெறும் விருந்தாளியாய் உள்ளே போனேன்.
என் பக்கம் சிவப்பு எழுத்து அப்படியேதான் இருந்தது.
ஆனாலும் காதில் ஒரு கரகரப்பு.
ஒரு மின்விசிறி. எங்கோ ஒரு தட்டு உருண்டு அடங்கியது.
"கேக்குதா?"
நான் நினைத்து வைத்திருந்ததைவிடத் தடித்த குரல்.

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
செக்போஸ்ட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
முதலில் என் ஜன்னல் வழியே.
அப்புறம், எந்தெந்த ஊர் சுற்றிவிட்டோ,
ஒரு கண்ணிமைப்பு பிந்தி
ஹெட்செட்டுக்குள் அதே லாரி.

"பின்னாடி வர்றான்" என்றாள்.
லாரியைத்தான் சொல்கிறாள் என்று
சிரித்துக்கொண்டே நின்றேன்.

செத்துப்போனேன்.